ஆயில் சீல் வியாழக்கிழமைதான் வரும்

இன்னும் சொட்டவில்லை. செருப்பு வாரைச் சரிபண்ணுகிற சாக்கில் உலகம்மாள் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாள். கியர் லிவர் மாட்டியிருக்கிற தண்டு எஞ்சினுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கறுப்பு ஈரம் மினுங்கியது, அவ்வளவுதான், துளி என்று சொல்லும்படி ஒன்றும் திரண்டு நிற்கவில்லை, அப்பாடா என்று நிமிர்ந்தாள், நிமிர்ந்த கையோடு இப்போது சொட்டியிருந்தால் என்று தோன்றியது, இன்னொரு தரம் குனியலாம் என்றால் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண் என்ன நினைப்பாள், இந்த அக்காவுக்கு இடுப்புப் பிடிப்பு போல என்று நினைப்பாள், நினைத்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன, புது வண்டி, கியரும் கிடையாது கழுதையும் கிடையாது, முறுக்கினால் போகும். முன்னால் பதினோரு வண்டி நின்றது. அதற்கும் முன்னால் சிமெண்டுத் தரையில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஒரு எட்டு, அந்த எட்டின் இடுப்புக்குப் பக்கத்தில் குடையும் அட்டையுமாக பிரேக் இன்ஸ்பெக்டர். குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வருவதும் போவதுமாக இருந்தது, முகத்தில் படும்போது சுகமாகத்தான் இருந்தது, ஆனால் தரை ஈரமாகிறதே. ஈரத்தில்தானே போன வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டாள். இதே இடம், இதே மனிதர், எட்டுப் போடவே விடவில்லை. இவள் வண்டியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்து ஈரத்தரையில் மயில் கழுத்து மாதிரி நிறநிறமாக விரிந்தது, அவர் பூட்ஸை நகர்த்திக்கொண்டு, "எண்ணெய் ஒழுகுற வண்டியில டெஸ்ட் எடுக்க மாட்டேன்மா, அடுத்து வாறவன் வழுக்கி விழுவான், சரி பண்ணிட்டு வாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், தப்பாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் வீட்டுக்குப் போய் நாலு நாள் திட்டியாவது ஆறியிருக்கலாம். எல்எல்ஆர் இன்றோடு முடிகிறது. இன்றைக்குப் புதன்கிழமை. ஆயில் சீல் வியாழக்கிழமைதான் வரும்.

பீர்முகம்மது அப்படித்தான் சொன்னான், ஏதோ நல்ல செய்தி சொல்லுகிறவன் மாதிரி, "அக்கா, விரல் மோதிரம் அளவு ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான், ஆனா இந்த மாடலைச் செஞ்சவனே மறந்துட்டான், மதுரையில ஒரு கடையில இருக்காம், வியாழக்கிழமை வந்துரும்." புதன்கிழமை டெஸ்ட் இருக்கே என்றால், "அதுக்குள்ள ஏதாவது ஒப்பேத்துங்க" என்றான். மெக்கானிக்கே ஒப்பேற்றச் சொல்லிவிட்டான். முதலில் சோப்பு. அது அவளுடைய வீட்டுக்காரர் குமாரின் யோசனை. பெட்ரோல் டேங்க் ஓட்டைக்குச் சோப்பு வைத்து அடைத்து ஒரு தரம் நாகர்கோவில் வரை போய் வந்தேனாக்கும் என்று பெருமை வேறு. குளிக்கிற சோப்பை ஈரத்தில் பிசைந்து தண்டைச் சுற்றி அப்பினார்கள், எஞ்சின் சூடானதும் சோப்பு இளகி, சாரலும் சேர்ந்து நுரைத்து, ஆய்க்குடி விலக்கு வரைக்கும் வண்டி சந்தன வாசத்தோடு போனது, அங்கிருந்து பழைய குருடி கதவைத் திறடி. அப்புறம் துணி. கொழுந்தன் சங்கரவேல் பழைய பனியனைக் கிழித்துக் கட்டிவிட்டு, "வண்டிக்குக் கோவணம் கட்டியாச்சு" என்று சிரிக்காமல் சொன்னான், அவன் எதையும் சிரிக்காமல்தான் சொல்லுவான். கோவணம் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கனத்து, பிறகு கோவணமே சொட்ட ஆரம்பித்தது. அப்புறம் ரெண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுகிற பசை. கல்லாக இறுகிவிட்டது, இனி கவலையில்லை என்று சந்தோஷப்பட்டு முதல் கியர் போட்டால் பொரியுருண்டை மாதிரி உதிர்ந்து விழுந்தது. கியர் போடும்போதெல்லாம் தண்டு திரும்புமே, திரும்புகிற இடத்தில் ஒட்டினால் நிற்குமா, அங்கே வேண்டியது ஒட்டுகிற சாமான் இல்லை, இறுக்கிப் பிடித்தும் இருக்க வேண்டும், அது அசைந்தால் கூடவே விட்டும் கொடுக்க வேண்டும். இதை யோசித்தபோது உலகம்மாளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது, இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் செய்கிற வேலையல்லவா இது என்று. வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. அவளும் உருட்டினாள். நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள், காய்ந்தே கிடந்தது.

லைசென்ஸ் எதற்கு, இந்த வயசில் மெட்டல் ரோட்டில் பறக்கவா என்று தெருவில் கேட்டார்கள். கேட்பவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் விடிகாலை அஞ்சு மணிக்கு முப்பது கிலோ இட்லி மாவு பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி வாசலில் காத்திருக்கிறதா. பத்தொன்பது கடை, ஒரு ஹாஸ்டல். ஆட்டுவது அவள், கொண்டு போடுவது குமார், அப்படித்தான் பதினாலு வருஷம் ஓடியது. குமாருக்குக் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்ன அன்று இருவரும் சிரித்தார்கள், கண்ணிலுமா பிரஷர் வரும் என்று. வந்தது. நேரே பார்த்தால் மங்கலாகக் கொஞ்சம் தெரியும், ஓரமெல்லாம் போயே போய்விட்டது, புட்டுக் குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கு ஏளா என்பான். போன மார்கழியில் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அன்றிலிருந்து சங்கரவேல்தான். அஞ்சு மணிக்கு வீங்கின கண்ணோடு வருவான், பேச மாட்டான், பெட்டிகளைக் கட்டுவான், போவான், ஏழு மணிக்குத் திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு மரக்கடை வேலைக்கு ஓடுவான். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆனால் அந்த முகம், உர்ரென்று, மாமியார் வீட்டில் பழையது சாப்பிட்டவன் மாதிரி. ஒவ்வொரு சாயங்காலமும் அவள்தான் போன் பண்ண வேண்டும், "தம்பி, நாளைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போயிருங்க." அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, எட்டு மாசமாக அதைச் சொல்லிச் சொல்லி நாக்கே கூசிப் போயிற்று. உளுந்து ஆட்டும்போது கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, அப்போது அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பாள்: இனிமே உங்க தயவு எங்களுக்கு வேண்டாம் தம்பி. ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள், ஒரு நாள் சுருக்கென்று, ஒரு நாள் 'தம்பி'யை எடுத்துவிட்டு. லைசென்ஸ் கையில் வாங்கின அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். இன்று இந்தப் பாழாய்ப்போன துளி விழுந்துவிட்டால் திரும்ப எல்எல்ஆர், திரும்ப ஒரு மாசம் காத்திருப்பு, திரும்ப சாயங்காலந்தோறும் கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம். முன்னால் ஒன்பது வண்டி.

சொட்டவில்லை. மிக்ஸி வாஷர் நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு ஜாரைக் கழுவும்போதுதான் பளிச்சென்று பட்டது, ஜாருக்கு அடியில் கத்தி சுற்றுகிறது, மேலே தண்ணி நிற்கிறது, ஒரு சொட்டு கீழே வருவதில்லையே, ஏன்? நடுவில் ஒரு ரப்பர் வாஷர். பழைய ஜாரிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் குமார் கையில் வைத்தாள். குமார் அதை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான், முகம் மலர்ந்துவிட்டது, "ஏளா, உன் மூளைக்கு வாஷர் கடை வைக்கலாம்" என்றான். பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டு வாங்கினான். அவள் நான் செய்யட்டுமா என்று கேட்கவில்லை, அவனும் நீயே செய் என்று சொல்லவில்லை, வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணைக் கூட மூடிக்கொண்டுதான் செய்தான், போல்ட்டைத் தளர்த்தினான், லிவரை ஆட்டி ஆட்டி உருவினான், தண்டைப் பெட்ரோல் துணியால் துடைத்து வாஷரை மாட்டி, நகத்தால் உள்ளே தள்ளித் தள்ளி சீலோடு ஒட்ட வைத்து, லிவரைத் திரும்ப ஏற்றினான். எட்டு மாசத்துக்கப்புறம் அந்தக் கையில் கிரீஸ். என்ன சந்தோஷம் அந்த முகத்தில், அப்பப்பா, அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். "லிவரு பழையபடி இருக்காட்டீ?" என்று கேட்டான். இருக்கு என்று சொன்னாள். அவள் பார்த்தது லிவரையா, அவன் முகத்தையா? வண்டியோ சைடு ஸ்டாண்டில் சாய்ந்து கிடந்தது, மசமசவென்று இருட்டிவிட்டது. இப்போது வரிசையில் வண்டியை நேராக நிமிர்த்தி உருட்டுகிறபோதுதான் தெரிகிறது, ஐயோ, லிவரின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, தண்டின் பல் ஒன்று மாறி மாட்டியிருக்கிறது, காலை ஃபுட்ரெஸ்டில் வைத்தால் கட்டைவிரல் லிவருக்கு அடியில் போய் இடிக்கிறது. காலையில் வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வந்து விட்ட சங்கரவேல், "கியரு ஒரு மாதிரியா இருக்கு மதினி" என்றான், அவள்தான் ஆரம்பிச்சுட்டான்யா முணுமுணுக்க என்று காதிலேயே வாங்கவில்லை. தண்டில் ஒரு புள்ளி அடையாளம் உண்டாம், லிவரின் வெட்டு அதற்கு நேரே நிற்க வேண்டுமாம், பீர்முகம்மது எப்போதோ சொன்னது இப்போது ஞாபகம் வந்து என்ன செய்ய. வேலை தெரிந்தவனுக்குப் புள்ளி தெரியாது, புள்ளி தெரிகிறவளுக்கு வேலை தெரியாது, நல்ல ஜோடி, சாமி பார்த்துத்தான் சேர்த்திருக்கிறது.

குமார் பத்தடி தள்ளி வாகை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இருவரும் பஸ்ஸில்தான் வந்தார்கள். கழுத்தை ஒருபக்கம் சாய்த்து வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருந்தான், ஆமாம், இப்போதெல்லாம் பார்ப்பதில்லை, கேட்கிறான். "ஏளா, சொட்டுதா?" என்று சத்தமாகக் கேட்டான், வரிசையே திரும்பிப் பார்த்தது. "இல்லங்க" என்றாள். "வாஷர் நிக்குதா?" "கம்முனு நிக்குது." "பின்ன? யார் மாட்டினது!" என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெரியவரிடம் திரும்பிச் சொன்னான், "என் வீட்டுக்காரி யோசனை, நம்ம வேலை." இதைக் கேட்ட பிறகு லிவர் பல் மாறிவிட்டது என்று எந்த வாயால் சொல்லுவாள்? ஸ்பேனர் வீட்டில் கிடக்கிறது. ஸ்கூட்டர்ப் பெண்ணிடம் ஸ்பேனர் இருக்குமா, உதட்டுச்சாயம் இருக்கும். ஆபீஸ் காவல்காரரிடம் கேட்கலாம், கேட்டால் குமாருக்குக் கேட்கும், பத்தாம் நம்பர் எதுக்கு என்பான், அந்த முகம் அப்படியே வாடிவிடும், எட்டு மாசம் கழித்து ஒரு வேலை செய்தான், அதுவும் தப்பு என்று அத்தனை பேருக்கு முன்னால் தெரிய வேண்டுமா. வேண்டாம். எட்டுப் போட முதல் கியர் மட்டும்தான் வேண்டும், ஒரே ஒரு மிதி, காலைத் தூக்கி மேலே வைத்து மிதித்தால் போச்சு. அதற்கப்புறம் கியரைத் தொட வேண்டிய வேலையே இல்லை. சமாளிச்சிடலாம். இப்படி முடிவு செய்ததும் பயம் போகும் என்று பார்த்தால், போகவில்லை, இடம் மாறிக்கொண்டது, இத்தனை நேரம் துளியில் இருந்தது இப்போது கட்டைவிரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவே இருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சாரல் அடிக்கிறது, அந்த மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து பெருமையடிக்கிறான், மாவு எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று, சொட்டவில்லை. முன்னால் மூன்று வண்டி, ரெண்டு, ஒன்று.

"உலகம்மாள்!" வண்டியை உதைத்தாள், முதல் உதையில் எழுந்துவிட்டது, தங்கம். காலைத் தூக்கினாள், கூடுதலாக ஒரு சாண் தூக்கினது மாதிரி இருந்தது, மிதித்தாள், விழுந்தது முதல் கியர். கிளட்சை விட்டும் விடாமலும் எட்டின் முதல் வயிற்றுக்குள் நுழைந்தாள், தோசை வார்க்கிற மாதிரிதான், கரண்டி நுனியைப் பார்த்தால் வட்டம் கோணும், கல்லின் ஓரத்தைப் பார்க்க வேண்டும், ஓரத்தைப் பார் உலகு, ஓரத்தைப் பார், காலை ஊன்றாதே, இடது கால் ஊன்றத் தவிக்கிறது, தவிக்கட்டும், இடுப்பு வந்துவிட்டது, குறுகின இடம், இன்ஸ்பெக்டர் பூட்ஸ், குடைக் கம்பி, அதோ பெஞ்சில் கழுத்தைச் சாய்த்து அவன், பார்க்காதே, ஹேண்டிலை மறுபக்கம் ஒடி, ரெண்டாவது வயிறு, எஞ்சின் திணறுகிறது, கொஞ்சம் முறுக்கு, அட, இந்தக் கொஞ்சம் நல்லாயிருக்கே, முறுக்கு, வந்தாயிற்று, வெள்ளைக் கோடு முடிந்துவிட்டது. நிற்கப் போனாள். "நிக்காதீங்க, அப்படியே ரெண்டாவது கியர் போட்டுக் கொடிக்கம்பம் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அடப் பாவி மனுஷா. கட்டைவிரல் பழக்கத்தில் போய் லிவரின் அடியில் இடித்தது, எஞ்சின் அலறியது, மறுபடி இடித்தது, மூன்றாவது தரம் காலை ஃபுட்ரெஸ்டிலிருந்து முழுசாக எடுத்துக் கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி ஓங்கி மிதித்தாள். டக்கென்று விழுந்தது. கொடிக்கம்பம் வரை போய்த் திரும்பி வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "என்னம்மா அப்படி மிதிக்கிறீங்க?" "லிவரு ஒரு பல்லு மேல மாட்டியிருக்கு சார்" என்று ரகசியம் மாதிரிச் சொன்னாள். அவர் குனிந்தார். குனிந்தவர் எண்ணெயையும் பார்த்தார். வாஷரின் விளிம்பில் கடுகு அளவு ஒன்று திரண்டிருந்தது, தொங்கியது, விழவில்லை. "புது சீலா?" பொய் வாய் வரைக்கும் வந்தது, போய்விட்டது. "மிக்ஸி வாஷர் சார். சீல் நாளைக்குத்தான் வருது." அவர் நிமிர்ந்து அவளை ஒரு தரம், வாஷரை ஒரு தரம் பார்த்தார், அவருடைய வீட்டு மிக்ஸியைக் கூட நினைத்திருக்கலாம், அட்டையில் ஏதோ எழுதினார். "நாளைக்கு மறக்காம மாத்திருங்க. லிவரையும்." "பாஸா சார்?" "காலு ஊனலை, வண்டி ஒழுகலை, அப்புறம் என்ன? அடுத்த ஆளு!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சாரல்தான் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும். மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனாள். குமார் அதற்குள் எழுந்து நின்றிருந்தான், "பாஸாயிட்ட" என்றான், கேள்வியாகக் கூட இல்லை. எப்படித் தெரியும் என்றாள். "செருப்பு தரையில தேயுற சத்தம் கேக்கலையே" என்றவன் குரலைத் தாழ்த்தி, "லிவர ஒரு பல்லு மாத்தி மாட்டிட்டேன், என்ன?" என்றான். "ரெண்டாவது போட நீ பட்ட பாடு இங்க வரைக்கும் கேட்டுச்சு. மூதி, முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பெரியவர்கிட்ட இவ்வளவு பீத்தியிருக்க மாட்டேம்லா?" என்று சிரித்தான், முகம் வாடவே இல்லை. அவள்தான் என்னென்னவோ நினைத்துப் பயந்துவிட்டாள், மனுஷன் அவள் நினைத்ததைவிடக் கெட்டி. அப்போது அவள் பையில் போன் அடித்தது. சங்கரவேல். மரக்கடையில் வாள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவில், "மதினி, முடிஞ்சுதா? வண்டியை எடுக்க எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றான், அதே தட்டைக் குரல். வந்துவிட்டது நேரம். எட்டு மாசம் கிரைண்டர் முன்னால் நின்று தீட்டித் தீட்டி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. "நீங்க வர வேண்டாம் தம்பி, நானே ஓட்டிட்டு வந்துருவேன்" என்றாள். "அப்ப நாளைக்குக் காலையில?" என்றான். இனிமே உங்க தயவு என்று ஆரம்பிக்க வேண்டும், வாயைத் திறந்தாள், வந்தது வேறு. "நாளைக்கு நல்லாத் தூங்குங்க தம்பி" என்றாள். "நெசமாவா மதினி?" என்றான் சங்கரவேல், பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளையின் குரல் அது, "அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேண்டாமா? ஏழு வரைக்கும் தூங்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான், அடக்க முடியாமல், விட்டு விட்டு. அவன் சிரிப்பு இப்படித்தான் இருக்கும் என்று உலகம்மாளுக்குத் தெரியாது. எட்டு மாசமாக அவள் அந்த முகத்தில் கோபம் என்று பார்த்ததெல்லாம் வெறும் தூக்கம்.